நான்கு ஆண்டு அதிபர், எண்பது ஆண்டு சாட்சி: ஜான் குவின்சி ஆடம்ஸ்

கேள்வி இதுதான்: "அமெரிக்காவின் 6ஆவது அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ், 2ஆவது அதிபரின் மகன் என்ற ஒரே தகுதியில் மேலே வந்தவர்தானே? நான்கு வருடம் இருந்தார், சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்யவில்லை, மறுதேர்தலில் மண்ணைக் கவ்வினார். வரலாற்றாசிரியர்கள் இவருக்கு ஏன் இவ்வளவு இடம் கொடுக்கிறார்கள்?"

அப்பாவின் பெயர் கதவைத் திறந்துவிட்டது உண்மை. அதிபர் பதவியில் சறுக்கினார் என்பதும் உண்மை. ஆனால் 80 வருடம் வாழ்ந்த மனிதரை அவருடைய ஆக மோசமான 4 வருடத்தை வைத்து எடைபோட முடியாது. அவரை அமெரிக்க அதிபர்களின் வரிசையில் தேடுவதே தப்பு என்பது என் கட்சி. அமெரிக்கப் புரட்சி, பிரெஞ்சுப் புரட்சி, நெப்போலியன், ஸ்பானியப் பேரரசின் சரிவு, அடிமை ஒழிப்பு என்று அந்தக் காலத்து உலகத்தைப் புரட்டிப்போட்ட ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ஏதோ ஒரு மூலையில், இவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். ஐரோப்பியர்கள் அடித்துக்கொள்ளும்போது அமெரிக்கா ஒதுங்கி நின்று காரியம் சாதிக்க வேண்டும் என்பதை அந்த மூலைகளில்தான் கற்றுக்கொண்டார். உள்நாட்டில், அடிமை முறை விஷயத்தில், அந்த ஒதுங்கல் எடுபடாது என்று தெரிந்துகொள்ள அவருக்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது.

1767 ஜூலை 11இல், பாஸ்டனுக்குத் தெற்கே பிரெய்ன்ட்ரீ என்ற ஊரில் பிறந்தார். 1775 ஜூன் 17 அன்று, எட்டு வயது நிறையாத அந்தப் பையன் அம்மா அபிகெயிலோடு வீட்டருகே இருந்த குன்றில் ஏறி நின்று, பிரிட்டிஷ் படையோடு நடந்த பங்கர் ஹில் சண்டையைப் பார்த்தான். தூரத்தில் சார்ல்ஸ்டவுன் எரிந்துகொண்டிருந்தது. அன்று உயிர்விட்டவர்களில் டாக்டர் ஜோசப் வாரன் ஒருவர். பையனின் விரல் மோசமாக முறிந்தபோது அதை வெட்டி எடுக்காமல் காப்பாற்றிக்கொடுத்த குடும்ப வைத்தியர். எழுபது வயதைத் தாண்டிய பிறகும் ஆடம்ஸ் அந்த நாளைப் பற்றிக் கடிதம் எழுதினார்.

1778இல் அப்பா தூது வேலையாக பிரான்சுக்குக் கிளம்பியபோது பத்து வயது மகனும் கூடவே கப்பல் ஏறினான். மாசி மாதத்து அட்லாண்டிக் புயல், பாய்மரத்தில் விழுந்த மின்னல், துரத்தி வந்த பிரிட்டிஷ் கப்பல்கள் என்று அந்தப் பயணத்தில் எல்லாம் இருந்தது. பாரிஸை ஒட்டிய பாஸியில், பெஞ்சமின் பிராங்க்ளின் தங்கியிருந்த வீட்டிலேயே இவர்களும் தங்கினார்கள். மறுவருடம் ஊர் திரும்பி, சில மாதங்களிலேயே மறுபடி கிளம்பினார்கள். இந்த முறை கப்பல் நடுக்கடலில் ஒழுக ஆரம்பித்து, ஸ்பெயினின் ஃபெரோல் துறைமுகத்தில் கரையேற வேண்டியதாயிற்று. அங்கிருந்து குளிர்காலத்தில் கோவேறு கழுதைகளில் மலை தாண்டி பாரிஸ் போய்ச் சேர்ந்தார்கள். இந்த இரண்டாவது பயணத்தின் தொடக்கத்தில், 1779 நவம்பர் 12இல், பையன் டைரி எழுத ஆரம்பித்தான். சாகும் வருடம் வரை எழுதினார். மொத்தம் 51 தொகுதிகள். நாம் இன்று அவரைப் பற்றிப் பேசுவதில் பாதி அந்த டைரியின் புண்ணியம்.

1781இல் ரஷ்யப் பேரரசி கேத்தரினிடம் அங்கீகாரம் கேட்க பிரான்சிஸ் டேனா என்பவரை அமெரிக்கா அனுப்பியது. ரஷ்ய அரசவையில் பிரெஞ்சுதான் பேச்சு மொழி. டேனாவுக்கு பிரெஞ்சு வராது. ஆகவே 14 வயது ஜான் குவின்சி செயலாளராகவும் துபாஷாகவும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனான். கேத்தரின் கடைசி வரை டேனாவைச் சந்திக்கவே இல்லை. வேலை இல்லாத பையன் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படித்துத் தீர்த்தான். பிறகு குளிர்காலத்தில் ஸ்வீடன், டென்மார்க், ஜெர்மன் நாடுகள் வழியாக ஹாலந்து வந்து சேர்ந்தான். 1783இல் இங்கிலாந்து அமெரிக்காவின் சுதந்திரத்தை ஒப்புக்கொண்ட பாரிஸ் ஒப்பந்தத்தின்போது அப்பாவுக்குக் கணக்குப்பிள்ளை வேலை பார்த்தது இவன்தான். அதே ஆகஸ்டில் பாரிஸ்காரர்கள் முதல் ஹைட்ரஜன் பலூனைப் பறக்கவிட்டதையும் போய்ப் பார்த்து எழுதி வைத்திருக்கிறான்.

இத்தனையும் 18 வயதுக்குள். அதற்குப் பிறகுதான் ஹார்வர்டில் சேர்ந்து பட்டம் வாங்கி, சட்டம் படித்தார். அப்பா பெயரால் வந்தவர் என்ற குற்றச்சாட்டுக்கு என் பதில் இங்கேயே முடிந்துவிடுகிறது. அவருடைய முதல் தூதர் பதவியை, 1794இல், கொடுத்தவர் ஜார்ஜ் வாஷிங்டன். மூன்று வருடம் கழித்து அப்பா அதிபராகப் போகும் நேரத்தில், 'மகன் என்பதற்காக அவனை ஒதுக்கிவிடாதீர்கள், வெளிநாட்டில் நமக்கு இருப்பவர்களிலேயே மதிப்பு மிக்கவர் அவர்தான்' என்ற பொருளில் கடிதம் எழுதியவரும் வாஷிங்டனே. பெற்றவர் எழுதிக்கொடுத்த சான்றிதழ் அல்ல அது.

தி ஹேக் நகரத்தில் தூதராகப் போய் இறங்கிய மூன்றாம் மாதம் பிரெஞ்சுப் புரட்சிப் படை ஹாலந்துக்குள் நுழைந்தது. பழைய அரசு ஓடிப்போயிற்று, பட்டேவியக் குடியரசு என்று புதிய பெயர்ப்பலகை மாட்டினார்கள். துப்பாக்கி முனையில் விடுதலையை இறக்குமதி செய்தால் என்ன நடக்கும் என்பதை 27 வயதில் நேரில் பார்த்தார். பிரான்ஸ் கேட்ட பணத்தையும் தளவாடத்தையும் கொடுத்தே அந்தக் குடியரசு இளைத்துப்போனதைப் பற்றிக் கடிதம் கடிதமாக எழுதினார். வாஷிங்டன் அவற்றைப் படித்தார்.

அடுத்து பெர்லின். 1797 நவம்பரில் நகர வாசலில் இவரை நிறுத்தி விசாரித்த இளம் ராணுவ அதிகாரிக்கு 'அமெரிக்க ஐக்கிய நாடுகள்' என்றால் என்னவென்றே தெரியவில்லை. கூட நின்ற சாதாரணச் சிப்பாய் ஒருவன் விளக்கிச் சொன்ன பிறகுதான் உள்ளே விட்டார்கள். இதை எந்த எரிச்சலும் இல்லாமல் டைரியில் குறித்திருக்கிறார். அன்றைக்கு உலகத்தின் கண்ணில் அமெரிக்காவின் இடம் அவ்வளவுதான்.

ஊர் திரும்பிய பின் செனட்டர் ஆனதும், பிரான்சிடமிருந்து லூயிசியானா நிலப்பரப்பை வாங்கியதையும் 1807 வணிகத் தடையையும் ஆதரித்துச் சொந்தக் கட்சியான ஃபெடரலிஸ்டுகளின் பகையைச் சம்பாதித்துப் பதவி விலகியதும் ஒரு வரியில் போகட்டும். 1809இல் தொடங்கும் ரஷ்ய அத்தியாயம்தான் அவர் வாழ்க்கையின் நடுநாயகம்.

28 வருடம் கழித்து, இந்த முறை முழு அதிகாரம் பெற்ற தூதராக, அதே செயின்ட் பீட்டர்ஸ்பர்க். ஜார் முதலாம் அலெக்சாண்டர் அப்போது நெப்போலியனின் கூட்டாளி. பிரிட்டனோடு யாரும் வியாபாரம் செய்யக் கூடாது என்று ஐரோப்பா முழுவதற்கும் நெப்போலியன் தடை போட்டிருந்தார். அமெரிக்க வணிகக் கப்பல்கள் இரண்டு பக்கமும் அடிவாங்கின. டென்மார்க் பல கப்பல்களைப் பிடித்து வைத்துக்கொண்டது. 'டென்மார்க்கிடம் கொஞ்சம் சொல்லுங்கள்' என்று ஆடம்ஸ் ரஷ்ய அமைச்சர் ருமியான்ட்சேவிடம் கேட்க, அவர் கைவிரித்தார். ஆனால் சில நாளில் ஜார் தானே தலையிட்டுக் கப்பல்களை விடுவிக்கச் சொல்லிவிட்டார். 1810 டிசம்பரில் ஒரு படி மேலே போய், நடுநிலை நாட்டுக் கப்பல்களுக்குத் துறைமுகத்தைத் திறந்து, பிரெஞ்சு ஆடம்பரச் சரக்குகளுக்கு வரியை ஏற்றினார். நெப்போலியனுக்கும் அலெக்சாண்டருக்கும் நடுவே விழுந்த விரிசல்களில் இது பெரியது. சர்க்கரையும் காப்பியும் பருத்தியும் ஏற்றிய அமெரிக்கக் கப்பல்கள் குரோன்ஷ்டாட் துறைமுகத்தில் வரிசை கட்டின. அவற்றில் சில போலிப் பத்திரம் வைத்த ஆங்கிலக் கப்பல்கள் என்பதும் ஆடம்ஸுக்குத் தெரியும்.

இதெல்லாம் ஆடம்ஸின் சாமர்த்தியத்தால் நடந்தது என்று சில வாழ்க்கை வரலாறுகள் சொல்வது அதிகப்படி. ரஷ்யப் பிரபுக்களின் சணலும் மரமும் விற்காமல் தேங்கிக் கிடந்தன, ரூபிள் சரிந்துகொண்டிருந்தது. ஜாருக்குத் தன் காரணங்கள் இருந்தன. ஆனால் கதவு திறக்கும் நேரத்தில் வாசலில் நிற்கத் தெரிந்த ஆள் இவர். நேவா ஆற்றங்கரையில் காவலர் இல்லாமல் நடக்கும் பழக்கம் ஜாருக்கு உண்டு, ஆடம்ஸுக்கும் நடைப் பைத்தியம். இருவரும் அடிக்கடி எதிர்ப்பட்டு நின்று பேசுவார்கள். ஒருநாள், 'கோடைக்குப் புறநகரில் வீடு எடுக்கவில்லையா?' என்று ஜார் கேட்டார். இல்லை என்றார் ஆடம்ஸ். 'பணக் காரணமோ?' 'பெரும்பாலும் அதுதான்.' 'நல்லது, வரவுக்குத் தக்க செலவுதான் செய்ய வேண்டும்' என்றாராம் ஜார். பேரரசருக்கேற்ற பொன்மொழிதான், ஆனால் கடைப்பிடிக்கும் பேரரசர்கள் குறைவு என்று ஆடம்ஸ் வீட்டுக்கு வந்து எழுதினார். வருடத்துக்கு 9,000 டாலர் சம்பளத்தில், மற்ற தூதர்கள் விருந்தும் நடனமுமாக வாரி இறைக்கும் ஊரில், அவர் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறகு வந்தது 1812. ஜூன் 18இல் அமெரிக்கா பிரிட்டன் மேல் போர் அறிவித்தது. ஆறு நாள் கழித்து நெப்போலியன் நியமன் ஆற்றைத் தாண்டி ரஷ்யாவுக்குள் இறங்கினார். ஒரே வாரத்தில் ஆடம்ஸின் நிலைமை தலைகீழாயிற்று. ரஷ்யா இப்போது பிரிட்டனின் தோழன். பிரிட்டன் அமெரிக்காவின் எதிரி. செப்டம்பர் 14இல் நெப்போலியன் மாஸ்கோவில் நுழைந்தார். மறுநாள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஆடம்ஸ் தம்பதியின் ஒரு வயதுக் குழந்தை லூயிசா இறந்தது. அந்த ஒரே மகளைப் புதைத்த அதே வாரத்தில்தான் ருமியான்ட்சேவ் கூப்பிட்டனுப்பி, உங்களுக்கும் பிரிட்டனுக்கும் நடுவே நாங்கள் மத்தியஸ்தம் செய்யட்டுமா என்று கேட்டார்.

பிரிட்டன் அந்த மத்தியஸ்தத்தை ஏற்கவில்லை. நேரடியாகப் பேசலாம் என்றது. அப்படித்தான் 1814 ஆகஸ்டில், இன்றைய பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பேச்சு தொடங்கியது. அமெரிக்கத் தரப்பில் ஐந்து பேர். ஆடம்ஸ் தலைவர், ஹென்றி கிளே, ஆல்பர்ட் காலட்டின் முதலியோர் உறுப்பினர்கள். கிளேயின் அறையில் சீட்டாட்டம் கலையும் சத்தம்தான் ஆடம்ஸ் விடியற்காலையில் எழுந்திருக்கும் நேரம். ஒருவரை ஒருவர் சகிக்க முடியவில்லை. காலட்டின்தான் சிரித்துப் பேசி இருவரையும் ஒரு மேசையில் உட்கார வைத்தார். தொடக்கத்தில் பிரிட்டன் கேட்டது கொஞ்சமல்ல: பூர்வகுடிகளுக்குத் தனி நாடு, பெரும் ஏரிகளின் மேல் கட்டுப்பாடு. பேச்சு நடக்கும்போதே வாஷிங்டன் நகரம் எரிக்கப்பட்ட செய்தியும் வந்தது. ஆனால் வியன்னாவில் ஐரோப்பாவைப் பங்குபோடும் மாநாட்டில் பிரிட்டனுக்கு ரஷ்யாவோடு உரசல். 20 வருடப் போரில் கஜானா காலி. அமெரிக்காவுக்குப் போய்ப் படை நடத்தச் சொன்னால் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனே 'இந்த நிலவரத்தில் நிலம் கேட்க நமக்கு உரிமையில்லை' என்கிறார். டிசம்பர் 24இல், போருக்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும் என்று கையெழுத்தாயிற்று. கைவிடப்பட்டவர்கள் பூர்வகுடிகள்தான். பிரிட்டனை நம்பிப் போரில் இறங்கிய அவர்களுக்கு ஒப்பந்தத்தில் கிடைத்தது யாரும் மதிக்காத ஒரு ஷரத்து.

இங்கே அவர் மனைவி லூயிசாவைச் சொல்லாமல் நகர முடியாது. பாரிஸுக்கு வந்துவிடு என்று கணவரின் கடிதம் வர, 1815 பிப்ரவரி 12இல், அவருடைய 40ஆவது பிறந்தநாளன்று, ஏழு வயது மகனோடு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வண்டியில் கிளம்பினார். 40 நாள் பயணம், போரில் சிதைந்துகிடந்த கிழக்கு ஐரோப்பா வழியாக. பிரான்சுக்குள் வந்தபோது எல்பா தீவிலிருந்து தப்பிய நெப்போலியனும் பாரிஸை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். வழியில் அவருடைய காவற்படையினர் ரஷ்ய வண்டியைப் பார்த்ததும் சூழ்ந்துகொண்டார்கள். 'ரஷ்யர்கள்! இழுத்துப்போட்டுக் கொல்லுங்கள்!' என்று கூட இருந்த பெண்கள் கத்தினார்கள். சரளமான பிரெஞ்சில் பேசி, அமெரிக்கர் என்று பாஸ்போர்ட்டைக் காட்டி, கைக்குட்டையை ஆட்டி 'நெப்போலியன் வாழ்க' என்று கூவிக்கொண்டே அந்தப் படையைக் கடந்து வந்தார் லூயிசா. கணவரோ அந்த நேரம் பாரிஸில் நாடகம் பார்த்துக்கொண்டும் டைரி எழுதிக்கொண்டும் இருந்தார். குடும்பத்தில் தைரியசாலி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வண்டியில் இருந்த சிறுவன் சார்லஸ் பிரான்சிஸ் பின்னாளில் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது லண்டனில் தூதராக இருந்து, பிரிட்டன் அடிமை முறையைக் காக்கப் போராடிய தென்மாநிலங்களின் பக்கம் சாயாமல் பார்த்துக்கொண்டவர்.

நம் ஊர் வாசகருக்கு ஒரு சின்னத் தகவல். 1815 ஜூலையில் ஆடம்ஸ், கிளே, காலட்டின் மூவரும் லண்டனில் கையெழுத்திட்ட வணிக உடன்படிக்கையில், அமெரிக்கக் கப்பல்கள் வந்து வியாபாரம் செய்யலாம் என்று பெயர் சொல்லி அனுமதித்த துறைமுகங்கள் கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய், பினாங்கு.

1817இல் அதிபர் மன்றோவின் அரசில் வெளியுறவு அமைச்சரானார். எட்டு வருடம். அமெரிக்காவின் ஆகச்சிறந்த வெளியுறவு அமைச்சர் என்று பலரும் அவரைச் சொல்வது இந்தக் காலத்துக்காக. நெப்போலியன் 1808இல் ஸ்பெயினைப் பிடித்ததிலிருந்தே ஸ்பானிய அமெரிக்கா துண்டுதுண்டாகக் கழன்றுகொண்டிருந்தது. ஃபுளோரிடாவைக் காக்க ஸ்பெயினுக்குப் படையில்லை. 1818இல் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சன் உத்தரவை மீறி அங்கே புகுந்து இரண்டு பிரிட்டிஷ் குடிமக்களையும் கொன்றபோது மன்றோவின் அமைச்சரவையே அவரைக் கைகழுவப் பார்த்தது. ஆடம்ஸ் ஒருவர்தான் தாங்கிப் பேசினார்: காவல் காக்க முடிந்தால் காத்துக்கொள், இல்லாவிட்டால் கொடுத்துவிடு என்பதுதான் ஸ்பெயினுக்கு அவர் அனுப்பிய ஓலையின் சாரம். 1819 பிப்ரவரி 22இல் ஸ்பானியத் தூதர் ஓனிஸ் கையெழுத்திட்டார். அமெரிக்கா 50 லட்சம் டாலர் வரை தன் குடிமக்களின் நஷ்ட ஈட்டை ஏற்றுக்கொள்ள, ஃபுளோரிடா கைமாறியது. அதைவிடப் பெரிய விஷயம், எல்லைக்கோடு 42ஆவது அட்சரேகை வழியாகப் பசிபிக் கடலைத் தொட்டது. அந்தக் கடற்கரை வரை கோடு கேட்கும் யோசனை தன்னுடையது என்று டைரியில் பெருமைப்பட்டுக்கொள்கிறார். படும் உரிமை இருந்தது.

1821இல் கிரேக்கர்கள் துருக்கிக்கு எதிராக எழுந்தார்கள். தென் அமெரிக்காவில் ஸ்பெயினுக்கு எதிராக பொலிவாரின் விடுதலைப் போர். எல்லாருக்கும் உதவப் போகலாம் என்று அமெரிக்காவில் ஒரே ஆரவாரம். ஜூலை 4 உரையில் ஆடம்ஸ் சொன்னார்: எங்கே சுதந்திரக் கொடி விரிந்தாலும் அமெரிக்காவின் வாழ்த்து அங்கே இருக்கும், ஆனால் கொல்வதற்கு அரக்கர்களைத் தேடி அவள் வெளியே போகமாட்டாள். இன்றும் ஒவ்வொரு போருக்கு முன்னும் யாராவது இதை எடுத்து வீசுவார்கள். ஹாலந்தைப் பார்த்தவர் பேசிய பேச்சு அது.

1823இல் பிரிட்டிஷ் அமைச்சர் கானிங், ஐரோப்பிய முடியரசுகள் தென் அமெரிக்காவில் தலையிடக் கூடாது என்று கூட்டாக அறிவிக்கலாம், வருகிறீர்களா என்றார். முன்னாள் அதிபர்கள் ஜெபர்சனும் மேடிசனும்கூடச் சரி என்றுவிட்டார்கள். பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பின்னால் இழுபடும் தோணியாக நாம் போவதைவிட, ரஷ்யாவிடமும் பிரான்சிடமும் நேராகச் சொல்லிவிடுவது கௌரவம் என்று அமைச்சரவையில் வாதாடி ஜெயித்தவர் ஆடம்ஸ். டிசம்பர் 2இல் வந்த அந்த அறிவிப்புக்கு மன்றோவின் பெயர் நிலைத்தது. தடுக்கப் போதுமான கடற்படை அமெரிக்காவிடம் கிடையாது. உண்மையில் ஐரோப்பாவைத் தடுத்தது பிரிட்டிஷ் கடற்படைதான். அது தெரிந்தே செய்தார்.

இந்தச் சாதனைக்குப் பின்னால் ஒரு கறை உண்டு, அதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1812 போரில் பிரிட்டிஷ் கப்பல்களில் ஏறி விடுதலை அடைந்த அடிமைகளுக்காக, அவர்களின் முதலாளிகளுக்கு நஷ்ட ஈடு கேட்டு வருடக்கணக்கில் வாதாடியவர் இதே ஆடம்ஸ். வழக்கு ஜார் அலெக்சாண்டரின் தீர்ப்புக்குப் போய், 1822இல் அமெரிக்காவுக்குச் சாதகமாக முடிந்தது. கடைசியில் பிரிட்டன் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டியது. அடிமை வியாபாரக் கப்பல்களைச் சோதிக்க அனுமதி கேட்ட பிரிட்டிஷ் தூதர், அந்த வியாபாரத்தைவிடக் கொடிய தீமை எதையாவது சொல்ல முடியுமா என்று கேட்டபோது, 'அந்நியர் எங்கள் கப்பலைச் சோதிக்க விடுவது. அது எங்களையே அடிமைகளாக்கும்' என்றார். 1820இல், மிசௌரியை அடிமை மாநிலமாகச் சேர்ப்பதா என்ற தகராறு, வரப்போகும் ஒரு பெரும் சோகக் காவியத்தின் தலைப்புப் பக்கம்தான் என்று டைரியில் எழுதியவரும் அவர்தான். டைரியில் எழுதினார், வெளியே பேசவில்லை. அவர் வாங்கிக் கொடுத்த ஃபுளோரிடா அடிமை மாநிலமாகத்தான் வளர்ந்தது.

அதிபர் காலத்தைச் சுருக்கிவிடுகிறேன். 1824 தேர்தலில் மாநிலங்களின் தேர்வாளர்கள் போட்ட வாக்கில் ஜாக்சனுக்கு 99, ஆடம்ஸுக்கு 84. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போக, அங்கே சபாநாயகராக இருந்த அந்தச் சீட்டாட்டக் கிளே ஆடம்ஸை ஆதரித்தார். 24 மாநிலங்களில் 13 கிடைத்தது. கிளே வெளியுறவு அமைச்சரானார். 'கள்ளப் பேரம்' என்று ஜாக்சன் ஆட்கள் நான்கு வருடமும் கத்தினார்கள். பேரம் நடந்ததோ இல்லையோ, அந்த நியமனம் அரசியல் முட்டாள்தனம். சாலை, கால்வாய், தேசியப் பல்கலைக்கழகம், வானாய்வுக்கூடம் என்று அவர் போட்ட திட்டங்களைக் காங்கிரஸ் சிரித்தே கொன்றது. ஐரோப்பாவில் 130 வானாய்வுக்கூடங்கள் இருக்க நம்மிடம் ஒன்றுகூட இல்லையே என்று அவர் கேட்டது அவர்களுக்கு வேடிக்கையாகப்பட்டது. 1828இல் 178க்கு 83 என்று தோற்றார். மறுவருடம் மூத்த மகன் கப்பலிலிருந்து கடலில் விழுந்து இறந்தான்.

முன்னாள் அதிபர்கள் தோட்டம் பார்த்துக்கொண்டு நினைவுக் குறிப்பு எழுதுவார்கள். இவர் 1831இல் சாதாரணப் பிரதிநிதியாகச் சபைக்குள் வந்து உட்கார்ந்தார். 17 வருடம் அங்கேயே இருந்தார். அப்போது பிரிட்டன் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவிலும் ஒழிப்பு கேட்டு மனுக்கள் மூட்டைமூட்டையாக வந்தன. 1836இல் தென்மாநில உறுப்பினர்கள், அப்படிப்பட்ட மனு எதையும் சபையில் படிக்கவே கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். கிழவருக்கு வேலை கிடைத்தது. 1837 பிப்ரவரியில் எழுந்து, '22 அடிமைகள் கையெழுத்திட்டதாக ஒரு மனு என்னிடம் இருக்கிறது. இது அந்த விதிக்குள் வருமா?' என்று பவ்யமாகக் கேட்டார். அவையில் கூச்சல். வெளியேற்று, மனுவை எரி, கண்டனத் தீர்மானம் கொண்டுவா. எல்லாரும் கத்தி ஓய்ந்த பிறகு, மனு கேட்பது நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிரானது, அடிமை முறை ஒழிய வேண்டும் என்று அது கேட்கவில்லை என்றார். தீர்மானம் கொண்டுவந்தவர்களின் முகத்தை நினைத்துப் பார்க்கலாம். இப்படியே எட்டு வருடம் குடைந்து, 1844 டிசம்பர் 3இல் 108க்கு 80 என்ற வாக்கில் அந்த விதியை ஒழித்தார்.

இந்தச் சண்டையில் அவர் சொன்ன ஒரு வாதம் பின்னால் பெரிய வேலை செய்தது. போர் மூண்டால் படைத்தலைவரின் அதிகாரத்தைக் கொண்டே அடிமைகளை விடுவிக்கலாம்; கொலம்பியாவில் முதலில் ஸ்பானியத் தளபதி மொரில்லோவும் அடுத்து பொலிவாரும் செய்தது அதுதான் என்று 1842இல் பேசினார். 1863இல் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நின்றதும் இதே அதிகாரத்தின் மேல்தான்.

அமிஸ்டாட் வழக்கு பலருக்குத் தெரிந்திருக்கும். 1839இல், ஸ்பெயினின் வசமிருந்த கியூபாவின் கரையோரம் அந்தக் கப்பலில் அடைத்துக் கொண்டுபோன 53 ஆப்பிரிக்கர்கள், செங்பே பியே என்பவர் தலைமையில் கலகம் செய்து கப்பலைப் பிடித்தார்கள். ஊருக்கு ஓட்டச் சொன்னால், உயிரோடு விட்ட முதலாளிகள் இரவில் வடக்கே திருப்பி அமெரிக்கக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சிறையில் இருந்தவர்களின் மொழி யாருக்கும் புரியவில்லை. பேராசிரியர் ஒருவர் அவர்களிடம் ஒன்று, இரண்டு, மூன்று கற்றுக்கொண்டு, நியூயார்க் துறைமுகத்தில் அதை உரக்கச் சொல்லியபடி நடந்து மெண்டே மொழி தெரிந்த மாலுமியைக் கண்டுபிடித்தார். ஸ்பெயின் இவர்களைத் திருப்பிக் கேட்டது. எந்த அடிப்படையில்? 1795 ஒப்பந்தம், அதைப் புதுப்பித்தது 1819 ஒப்பந்தம். அதாவது ஆடம்ஸ் தானே எழுதிய ஒப்பந்தம்.

உச்ச நீதிமன்றத்தில் 73 வயதில், கை நடுங்க, கடைசியாக அங்கே வாதாடி 32 வருடம் ஆனவர் எழுந்து நின்றார். அதற்கு முன்பே சிறையிலிருந்த காலே என்ற சிறுவன் புதிதாகக் கற்ற ஆங்கிலத்தில் அவருக்குக் கடிதம் எழுதியிருந்தான்: அமெரிக்க மொழி பேசவில்லை என்று எங்களை முட்டாள்கள் என்கிறார்கள், அமெரிக்கர்களுக்கு மெண்டே மொழி தெரியாது, அப்படியானால் அவர்களும் முட்டாள்களா? ஆடம்ஸின் வாதமும் அந்தச் சிறுவனுடையதைப் போல நேரானது. கொள்ளையரிடமிருந்து மீட்ட சரக்கை உரியவரிடம் ஒப்படைக்கச் சொல்கிறது ஒப்பந்தம். இங்கே சரக்கு யார், கொள்ளையர் யார்? 1841 மார்ச் 9இல், பெரும்பான்மை நீதிபதிகள் தென்மாநிலத்தவராக இருந்த அந்த நீதிமன்றம் அவர்களைச் சுதந்திர மனிதர்கள் என்றது. உயிரோடு இருந்த 35 பேர் சியரா லியோன் திரும்பினார்கள்.

அவரைத் தெய்வமாக்கிவிட வேண்டாம். அதே 1841இன் கடைசியில் பிரிட்டன் சீனாவில் நடத்திய அபினிப் போரைப் பற்றிப் பாஸ்டனில் பேசினார். போருக்குக் காரணம் அபினி அல்ல, வெளிநாட்டார் பேரரசர் முன் தரையில் தலை முட்டி வணங்க வேண்டும் என்ற சீனரின் அகந்தைதான் என்றார். அபினி வியாபாரத்தில் கைநனைத்த வணிகர்கள் நிறைந்த ஊரிலேயே அந்தப் பேச்சை அச்சிட ஒரு முக்கியப் பத்திரிகை மறுத்தது. அரசர்களுக்கு முன் எல்லாரும் சமமாக நிற்க வேண்டும் என்ற தூதரின் கௌரவம் அவர் கண்ணை மறைத்துவிட்டது.

ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி அமெரிக்காவுக்கு விட்டுப்போன 5 லட்சம் டாலரை அரசியல்வாதிகள் விழுங்கிவிடாமல் பத்து வருடம் காவல் காத்து, 1846இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் உருவாக வழிசெய்ததும் இவர்தான்.

மெக்சிகோ மீதான போரை, அடிமை மாநிலங்களுக்கு நிலம் பிடிக்கும் போர் என்று எதிர்த்தார். அதிபராக இருந்தபோது டெக்சாஸை விலைக்கு வாங்கப் பார்த்தவர் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும். 1848 பிப்ரவரி 21இல், அந்தப் போரின் தளபதிகளைப் பாராட்டும் தீர்மானத்துக்கு உரத்த குரலில் 'இல்லை' என்று வாக்களித்தார். கொஞ்ச நேரத்தில் இருக்கையிலேயே சரிந்தார். சபாநாயகர் அறையில் 23ஆம் தேதி உயிர் பிரிந்தது. அப்போது சபையில் இலினாய்ஸிலிருந்து வந்த லிங்கன் என்ற புது உறுப்பினர் இருந்தார். பாரிஸில் அதே வாரம் தெருக்களில் தடுப்பரண் எழுந்து, மறுநாள் லூயி பிலிப் மன்னர் முடி துறந்தார்.

படிக்க நினைத்தால் டைரியிலேயே தொடங்கலாம். மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கம் கையெழுத்துப் பக்கங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1809 ஆகஸ்டில் ரஷ்யாவுக்குக் கப்பல் ஏறும் இடத்தில் ஆரம்பித்து கென்ட் வரை போங்கள், அடுத்து 1836க்குத் தாவுங்கள். அதிபர் ஆண்டுகள் தூக்கமின்மையும் புலம்பலுமாக இருக்கும், அவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.